அறைத்தோழனுக்கு ஒரு முன்னுரை

பிரெஞ்சில் 'கோதுர்ன்' என்று ஒரு சொல் உண்டு. எங்கள் புதுச்சேரிப் பள்ளியில் அதை யாரும் பாடமாக நடத்தவில்லை. ராணுவ சேவைக்குப் பதிலாக ஆசிரியர் வேலைக்கு வந்திருந்த ஒரு இளம் மிஸியே, வகுப்பு முடிந்து வராந்தாவில் நின்று சிகரெட் பிடித்தபடி சொன்னது அது. பாரிஸில் உல்ம் தெருவில் இருக்கும் எக்கோல் நோர்மால் சுப்பெரியர் மாணவர்களின் கொச்சை மொழியில் 'துர்ன்' என்றால் அறை. அதுவும் நல்ல அறை என்று நினைத்துவிடாதீர்கள். புகையும் தூசியும் புத்தகக் குவியலுமாகக் கிடக்கும் பொந்து. அதைப் பங்கிட்டுக்கொள்கிறவன் கோதுர்ன். கிரேக்க சோக நாடகங்களில் நடிகர்கள் அணிந்த உயரக் காலணிக்கும் பிரெஞ்சில் அதே ஒலியில்தான் பெயர். கிரேக்கமும் இலத்தீனும் படித்துத் தலை கனத்த பிள்ளைகள். சிலேடை இல்லாமல் அறைத்தோழனைக்கூடக் குறிப்பிட மாட்டார்கள்.

அந்தக் காலணியைப் பற்றி இன்னொன்றும் பின்னாளில் படித்தேன். இடது, வலது என்று கிடையாது, எந்தக் காலிலும் நுழையும். அதனால் பழைய ஏதென்ஸில், அடிக்கடி பக்கம் மாறிய தெரமெனீஸ் என்ற அரசியல்வாதிக்கு அதையே பட்டப்பெயராகச் சூட்டினார்கள். அறைத்தோழனுக்கும் கட்சி மாறிக்கும் ஒரே செருப்பு. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

எக்கோல் நோர்மாலைப் பற்றி நம் பக்கத்து வாசகர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794-ல், நாட்டுக்கு ஆசிரியர்களை உருவாக்க என்று தொடங்கிய பள்ளி. 1847-ல் உல்ம் தெருக் கட்டடத்துக்குக் குடியேறியது. நுழைவது போட்டித் தேர்வில். அந்தத் தேர்வுக்காகவே லீசே முடித்த பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் மாடு மாதிரி உழைப்பார்கள். அந்தக் காலத்தில் உள்ளே நுழைந்துவிட்டால் சாப்பாடும் படுக்கையும் அரசாங்கச் செலவு. பணக்காரன் பிள்ளையும் ரயில்வே ஊழியர் பிள்ளையும் ஒரே மேசையில் ஒரே சூப்பைக் குடித்து, அதை ஒரே குரலில் திட்டுவார்கள். முற்றத்துத் தொட்டியில் நீந்தும் மீன்களுக்கு 'எர்னெஸ்ட்' என்று பெயர், எர்னெஸ்ட் பெர்சோ என்ற பழைய இயக்குநரின் நினைவாக. விடுதி மாணவர் குறும்புக்குக் கடல் தாண்டினாலும் வித்தியாசம் இல்லை என்று இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன். எங்கள் விடுதியில் சமையலறைப் பூனைக்கு ஒரு பேராசிரியரின் பெயர்.

1924-ல் அந்தப் பள்ளிக்குள் நுழைந்த அணியில் மூன்று பேரை இன்று உலகம் அறியும். ழான்-போல் சார்த்தர், ரேமோன் ஆரோன், போல் நிஸான். மூன்றாவது பெயரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நான் எழுத வந்தது அவரைப் பற்றித்தான்.

சார்த்தரும் நிஸானும் ஒரே ஆண்டில், 1905-ல் பிறந்தவர்கள். சிறுவர்களாக நான்காம் ஆன்ரி லீசேயில் சந்தித்தார்கள். லூயி-ல-கிரான் பள்ளியில் சேர்ந்து தேர்வுக்குத் தயாரானார்கள். உல்ம் தெருவில் ஒரே துர்னுக்கு வந்து சேர்ந்தார்கள். சார்த்தர் தந்தையை இழந்து, படித்த தாத்தா வீட்டில் செல்லமாக வளர்ந்தவர். நிஸானின் தந்தை ரயில்வேயில் படிப்படியாக மேலே வந்தவர். சார்த்தர் குள்ளம், உடையைப் பற்றிக் கவலை கிடையாது. நிஸான் கைத்தடியும் மிடுக்குமாகத் திரிந்தவர். இருவருக்கும் மாறுகண். சார்த்தரின் கண் வெளிப்பக்கம் ஓடும், நிஸானின் கண் மூக்குப் பக்கம் ஓடும். கூட இருந்த பையன்கள் இருவர் பெயரையும் வெட்டி ஒட்டி 'நித்ர், சார்ஸான்' என்று கூப்பிட்டார்களாம். ஒருவரை மற்றவர் என்று நினைப்பது கடைசிவரை தொடர்ந்தது. 1932-ல் நிஸான் 'காவல் நாய்கள்' என்ற நூலில் அந்தக் காலத்துத் தத்துவப் பேராசிரியர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். அடி வாங்கியவர்களில் முக்கியமானவர் சோர்போன் பேராசிரியர் லெயோன் பிரன்ஷ்விக். 1939-ல் அவர் இருவரையும் ஒன்றாகப் பதிப்பகத்தில் பார்த்தபோது, அந்தப் புத்தகத்தை எழுதியதற்காகச் சார்த்தரைப் பாராட்டினாராம், என்னைத்தான் கொஞ்சம் அதிகமாகத் தாக்கிவிட்டீர்கள் என்ற குறையோடு. எழுதியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்!

சார்த்தருக்கு அந்த விடுதி சொர்க்கம். ஆண்டு விழா நாடகத்தில் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டு இயக்குநர் லான்சோன் வேடம் போட்டார். இரவில் நல்ல உடை உடுத்தித் திரும்பும் மாணவர்கள் தலையில் மாடியிலிருந்து தண்ணீர்க் குண்டு போட்டார். 1927 மே மாதம் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைத் தாண்டி பாரிஸில் இறங்கினார் அல்லவா, சில நாளிலேயே அவரை எங்கள் பள்ளியின் கௌரவ மாணவர் ஆக்கப்போகிறோம் என்று சார்த்தரும் கூட்டாளிகளும் புரளி கிளப்பினார்கள். பத்திரிகைகள் நம்பின, கூட்டம் கூடியது, லிண்ட்பெர்க் சாயலில் ஒருவரை இறக்கியும் காட்டினார்கள். லான்சோன் அந்த ஆண்டோடு பதவியை விட்டார்.

நிஸானுக்கு அதே அறை சிறை. சில நாள் சொல்லாமல் காணாமல் போவார், குடித்துவிட்டுத் திரும்புவார், கேட்டால் பதில் வராது. பள்ளியின் சுவரில் முதல் உலகப் போரில் செத்த 200க்கும் மேற்பட்ட மாணவர்கள், முன்னாள் மாணவர்களின் பெயர்கள். இவர்களுக்குச் சில ஆண்டு மூத்த பையன்கள் அதில் உண்டு. தினம் அதைத் தாண்டித்தான் சாப்பிடப் போக வேண்டும். சாவு பற்றிய பயம் நிஸானை அரித்துக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த சார்த்தர் இதையெல்லாம் ஒரு பாவனை, இளமை வேடிக்கை என்று நினைத்தார். இதை நான் யூகித்துச் சொல்லவில்லை. சார்த்தரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

1926-ல் நிஸான் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஏடனுக்குக் கப்பல் ஏறினார். ஏடன் என்றால் எங்கள் ஊர்ப் பழைய சொல்தாக்களுக்கு விளக்கம் தேவையில்லை. செங்கடலைத் தாண்டியதும் வெயிலில் காயும் கருங்கல் துறைமுகம். அங்கே அந்தோனென் பெஸ் என்ற பெரும் பிரெஞ்சு வியாபாரியின் வீட்டில் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலை. (அந்த பெஸ் கம்பெனியில்தான் 1950-களில் நம் திருபாய் அம்பானி குமாஸ்தாவாக இருந்தார். அதே பெஸ் கொடுத்த பணத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டில் புனித அந்தோணி கல்லூரி எழுந்தது. உலகம் சின்னது.) வியாபாரமும் காலனி ஆட்சியும் எப்படி நடக்கின்றன என்று நிஸான் அங்கே கண்ணால் பார்த்தார். 1927-ல் திரும்பினார், கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார், அந்த ஆண்டு முடிவில் கல்யாணம் செய்துகொண்டார். சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் சார்த்தரும் ஆரோனும்.

1931-ல் நிஸானின் 'ஏடன் அரபி' வெளிவந்தது. தான் படித்த பள்ளியையும் இருபது வயதையும் அதில் கோபத்தோடு திட்டினார். ஒரே அறையில் ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்த இருவரில், ஒருவர் அந்த நான்கு ஆண்டுகளைத் தன் வாழ்வின் மகிழ்ச்சியான காலம் என்கிறார், இன்னொருவர் நஞ்சு என்கிறார். இதைப் படித்தபோது எனக்கு என் அறைதான் நினைவுக்கு வந்தது.

பிரெவே வரை பிரெஞ்சில் படித்தவன் நான். 1968-ல் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் போனபோது ஆங்கிலம் தட்டுத் தடுமாறும். தமிழ் பேசுவேன், எழுதினால் ஒற்றும் சந்தியும் ஊர்வலம் போகும். என் அறைத்தோழன் தென்னாற்காடு மாவட்டத்து உள்கிராமத்துப் பையன். தகரப் பெட்டி, கோரைப்பாய், அம்மா இடித்துக் கொடுத்த பருப்புப் பொடி ஒரு டின். முதல் நாளே என்னை "பாண்டி" என்று கூப்பிட ஆரம்பித்தான், மூன்று வருடமும் அதுதான் என் பெயர். நான் வீட்டுக்கு எழுதிய ஒரு கடிதத்தை எதேச்சையாகப் பார்த்துவிட்டு, "டேய் பாண்டி, உங்கப்பா இதைப் படிச்சா மணியார்டரை நிறுத்திடுவாருடா" என்று சிரித்தான். அன்றிரவே உட்கார்த்தி வைத்துத் திருத்தினான். வல்லினம் எங்கே மிகும், எங்கே மிகாது என்று சிகரெட் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினான். இன்று நீங்கள் வாசிக்கிறீர்களே, இது அவன் திருத்திய தமிழ். பதிலுக்கு நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தது 'போன்ஷூர்' ஒன்றுதான். மெஸ் சமையல்காரரிடம் காலையில் அதைச் சொல்லி ஒரு தோசை கூட வாங்கிவிடுவான்.

அந்த அறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவனுக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதே இல்லை.

நிஸான் கதைக்கு வருகிறேன். 1930-கள் முழுவதும் அவர் கட்சிக்காக உழைத்தார். கட்சிப் பத்திரிகைகளில் வெளிநாட்டு அரசியல் எழுதினார், நாவல்கள் எழுதினார். 1938-ல் 'சதி' என்ற நாவலுக்கு எந்தெராலியே பரிசு. 1939 ஆகஸ்ட் 23-ஆம் தேதி ஸ்டாலினின் ரஷ்யாவும் ஹிட்லரின் ஜெர்மனியும் ஒப்பந்தம் போட்டன. ஹிட்லரை எதிர்க்கச் சொல்லி ஆண்டுக்கணக்கில் எழுதிய கை அது. நிஸான் செப்டம்பரில் கட்சியிலிருந்து விலகினார். விலகல் கடிதம் பத்திரிகையில் வந்தது, சில வரிகள்தான், வசை ஒன்றும் இல்லை. ஆனால் 1940 மார்ச்சில் கட்சித் தலைவர் மொரீஸ் தொரேஸ் துரோகிகளைத் தூணில் கட்டி அடிப்பதுபோல் ஒரு கட்டுரை எழுதினார். நிஸான் போலீஸ் உளவாளி என்றார். ஆதாரம் எதுவும் காட்டவில்லை.

பதில் சொல்ல நிஸானுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. 1940 மே 23-ஆம் தேதி, ஜெர்மன் படை டங்கர்க் பக்கம் நெருக்கிக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் படையோடு இருந்த அவர் குண்டடிபட்டு இறந்தார். வயது 35. எழுதிக்கொண்டிருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை ஒரு ஆங்கிலச் சிப்பாய் மண்ணில் புதைத்து வைத்ததாகச் சொல்வார்கள், அது கிடைக்கவே இல்லை. அடுத்த மாதம் 21-ஆம் தேதி, தன் 35-வது பிறந்த நாளன்று, சார்த்தர் ஜெர்மானியரிடம் கைதியானார்.

செத்தவர் மேல் போட்ட பழி சாகவில்லை. போர் முடிந்ததும் கம்யூனிஸ்ட் கட்சி பிரான்ஸில் பெரிய சக்தி. எதிர்ப்புப் போரில் ரத்தம் சிந்திய கட்சி, அதன் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. நிஸான் பெயரை எடுத்தால், ஆமாம், அந்த உளவாளி என்று ஒரு தலையசைப்பு. புத்தகங்கள் கடைகளில் இல்லாமல் போயின. குண்டு கொன்றது ஒரு முறை, இது இரண்டாவது முறை.

1947-ல் சார்த்தர் முன்னின்று ஒரு அறிக்கை வெளிவந்தது. நிஸான் உளவாளி என்பதற்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், இல்லையென்றால் வாயை மூடுங்கள் என்பதுதான் அதன் சாரம். கம்யு, மோரியாக், பிரெத்தோன், சிமோன் தெ பொவ்வார் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் அரசியலில் சார்த்தருக்கு எதிர்க்கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஆரோனும் போட்டார். கட்சியிடமிருந்து ஆதாரம் ஒன்றும் வரவில்லை.

இங்கே ஒன்று சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை. 1952 முதல் 1956-ல் ஹங்கேரிக்குள் சோவியத் படை நுழையும்வரை சார்த்தர் அதே கட்சிக்கு நெருக்கமாகத்தான் இருந்தார். நண்பனைத் துரோகி என்ற கூட்டத்தோடு மேடையில் நிற்பது எப்படி இருந்திருக்கும்? இருந்தது, நின்றார். பெரிய மனிதர்களின் வரலாற்றில் இந்த மாதிரிப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பக்கத்தில்தான் விரல் நிற்கிறது.

1960-ல் மாஸ்பெரோ என்ற இளம் பதிப்பாளர் 'ஏடன் அரபி'யை மறுபடி அச்சிட்டார். சார்த்தர் நீண்ட முன்னுரை எழுதினார். என்னிடம் இருப்பது அதன் மலிவுப் பதிப்பு, இந்தோசீனா போய்த் திரும்பிய ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது எடைக்குப் போகவிருந்த கட்டிலிருந்து உருவியது. முன்னுரையைப் படிக்க உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரி முன்னுரையில் இறந்தவரைப் புகழ்வார்கள். சார்த்தர் தன்மேல் குற்றப் பத்திரிகை வாசிக்கிறார். அவன் துக்கத்தை நான் நடிப்பு என்று நினைத்தேன், அவன் கோபத்தைக் கட்சிப் பேச்சு என்று நினைத்தேன், ஒரே அறையில் இருந்தும் அவனை நான் பார்க்கவில்லை, புத்தகங்களைத் திரும்பப் படித்தபோதுதான் தெரிகிறது என்று போகிறது அது. இருபது வயதில் கோதுர்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரியாதது, ஐம்பத்தைந்து வயதில் அச்செழுத்தில் புரிந்திருக்கிறது.

அந்த முன்னுரைக்குப் பிறகு ஒரு புதிய தலைமுறை நிஸானைப் படிக்க ஆரம்பித்தது. உளவாளி என்ற பேச்சு மெல்ல அடங்கியது.

ஆரோன் கதையையும் முடித்துவிடுகிறேன். அவரும் சார்த்தரும் முப்பது ஆண்டுகள் எதிரெதிர் முகாம். 1979 ஜூனில் வியட்நாமிலிருந்து படகில் தப்பி ஓடும் அகதிகளுக்காக இருவரும் ஒரே மேசைக்கு வந்தார்கள். சார்த்தருக்குப் பார்வை போயிருந்தது. ஆரோன் அவரை உல்ம் தெருவில் அழைத்த மாதிரியே, 'சின்னத் தோழா' என்ற பழைய விளியில் வணங்கினார். சார்த்தர் அடுத்த ஏப்ரலில் இறந்தார்.

இனி என் கணக்கு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பாக்கி.

எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதச் செலவை மாணவர் தலைக்கு வகுத்து வசூலிப்பார்கள். கணக்கை மாதம் ஒரு மாணவர் பார்க்க வேண்டும், மெஸ் செகரட்டரி என்று பெயர். மூன்றாம் ஆண்டில் அவன் முறை வந்த மாதம், ஒரு மூட்டை அரிசி கணக்கில் இருந்தது, சாமான் அறையில் இல்லை. இல்லாத மூட்டைக்குப் பில் போட்டுவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. வார்டன் அறையில் விசாரணை. கூட இருப்பவன் என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"உன் ரூம்மேட் சமீபத்தில் புதுசா ஏதாவது வாங்கினானா?"

"ஒரு வாட்ச் வாங்கினான் சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அது பழைய வாட்ச் என்றோ, பணம் எங்கிருந்து வந்தது என்றோ சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் ஒன்று வார்டன் கையெழுத்துக்காக அதே மேசையில் இருந்தது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அறைக்குத் திரும்பியபோது அவன் கேட்டது, "என்னடா சொன்னே?" நான் "ஒண்ணும் சொல்லலைடா" என்றேன். அடுத்த வாரம் தகரப் பெட்டியோடு போய்விட்டான். யாரோ உறவினர் வீட்டில் தங்கித் தேர்வு எழுதினான். இரண்டு மாதம் கழித்து விடுதிக் குமாஸ்தா ஒருநாள் போகிறபோக்கில் சொன்னார், அந்த அரிசி பில் நோட்டில் இரண்டு தேதியில் இரண்டு தடவை ஏறியிருந்ததாம், எழுதினது அவருடைய உதவியாளராம். அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதமும் ஒட்டப்படவில்லை. அவன் ஊர் விலாசம் எனக்கு மனப்பாடம். இருபது பைசாக் கவர். நான் எழுதவில்லை.

பிறகு முப்பத்து நாலு வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தேன். எத்தனை பதிவேடுகளை ஒத்துப்பார்த்துக் கையெழுத்திட்டேன்! இரட்டைப் பதிவு என்பது பென்சிலும் அரை மணி நேரமும் இருந்தால் கண்டுபிடிக்கக்கூடிய தவறு. 1990-களில் விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவன் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது என்றார்.

பெயரைச் சொல்லாமல் சாட்சி சொல்வது அரைச் சாட்சிதான். அவன் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியுமோ என்னவோ, அதனால் விடுகிறேன். அந்த விடுதியில் அப்போது இருந்தவர்கள் படித்தால் யார் என்று தெரியும். அவர்களுக்காக: அந்த மாதக் கணக்கில் ஒரே பில் இரண்டு முறை ஏறியிருந்தது. அவன் ஒரு காசு எடுக்கவில்லை. வாட்ச் வாங்கிய பணம் அவன் அண்ணன் அனுப்பிய மணியார்டர். தபால்காரர் வந்தபோது நான் அறையில்தான் இருந்தேன். அவன் கையெழுத்துப் போட்டது என் பேனாவில்.